வேலை தெரியும், அதுக்கு சாட்சி எங்கே?

மருந்து மாத்திரை பத்தி இல்லாத ஒரு பதிவு இது. கொஞ்சம் நீளம். வெளிநாட்டு வேலைக்கு முயற்சி பண்றவங்களும் அவங்க வீட்டுல இருக்கவங்களும் மட்டுமாவது முழுசா படிங்க.

நான் வேலை பார்க்கும் அரசு மருத்துவமனை திருச்சி பக்கம். மாசத்துக்கு ரெண்டு மூணு பேராவது ஓபியில் வந்து, "சார், ஆஸ்திரேலியாவுல கம்பெனி ஸ்பான்சர் பண்ணுது, ஒரு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் போட்டுக் கொடுங்க" என்று நிற்பார்கள். முதலில் இதைச் சொல்லி முடிச்சிடுறேன். ஆஸ்திரேலிய விசாவுக்கு நான் போட்டுத் தரும் சர்டிஃபிகேட் செல்லாது. எங்க டீன் கையெழுத்து போட்டாலும் செல்லாது. அந்த நாட்டு அரசு அங்கீகரித்த பேனல் டாக்டர்கள் தனியா இருக்காங்க. விசா விண்ணப்பத்தோட கிடைக்கிற எண்ணை எடுத்துக்கிட்டு அவங்ககிட்டதான் போகணும். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாத்தையும் அவங்களே ஆன்லைனில் நேரா அனுப்பிடுவாங்க. "ஜிஹெச்சுல ஒரு சர்டிஃபிகேட் வாங்கிட்டு வா" என்று உங்க ஏஜென்ட் சொன்னால், அவருக்கு அடுத்தடுத்த படிகளும் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

உடம்பு நல்லா இருக்கா என்பது இந்தப் பயணத்தில் சின்ன கேட்தான். பெரிய கேட் ஒண்ணு இருக்கு. அதுக்குப் பேரு ஸ்கில் அசஸ்மென்ட், அதாவது திறன் மதிப்பீடு. "எனக்கு இந்தத் தொழில் தெரியும்" என்று நீங்க சொன்னா போதாது, உங்க முதலாளி சொன்னாலும் போதாது. அந்த நாடு நியமிச்ச ஒரு அமைப்பு பார்த்து, "ஆமா, எங்க ஊர் தரத்துக்கு இவருக்குத் தொழில் தெரியும்" என்று எழுதித் தரணும்.

இது எனக்குப் புரிய ஆரம்பிச்சது போன வருஷம் வந்த ஒரு வெல்டரால். வயசு 34. தலைவலி, ராத்திரி தூக்கம் இல்லைன்னு வந்தார். பிபி 168/104. வெல்டர்னு சொன்னதும் நான் வழக்கமா கேட்கும் கேள்வியைக் கேட்டேன்.

"ஈ.எஸ்.ஐ. கார்டு இருக்கா?"

"அதெல்லாம் இல்ல சார். காண்ட்ராக்ட்ல இருக்கேன்."

"எத்தனை வருஷமா?"

"வெல்டிங் மட்டும் 12 வருஷம் ஆச்சு சார்."

திருச்சி வெல்டர் என்றால் சும்மா இல்லை. பாய்லர் செய்யும் பெல் தொழிற்சாலை 1960களில் இங்கே வந்ததிலிருந்து, அதைச் சுத்தி துவாக்குடி, திருவெறும்பூர் பக்கமெல்லாம் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைச்சு, ரெண்டு மூணு தலைமுறை வெல்டர்கள் இங்கே வளர்ந்திருக்காங்க. இவர் ஐ.டி.ஐ. முடிச்சவர். பாய்லர் வேலைக்கான ஐ.பி.ஆர். வெல்டர் சர்டிஃபிகேட்டும் வாங்கியிருக்கார். 45 டிகிரி சாய்வா, அசையாம நிக்கிற குழாயைச் சுத்தி வெல்டிங் வைக்கணும். அந்த ஜாயின்ட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பாங்க. நாங்க நெஞ்சுக்கு எடுக்கிற மாதிரிதான். உள்ளே ஒரு காத்துக்குமிழி தெரிஞ்சாலும் வெட்டிட்டுத் திரும்பப் போடணும். "என் ஜாயின்ட்டு ரிப்பேர் வராது சார்" என்று அவர் சொன்னபோது மட்டும்தான் அன்னிக்கு முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

பெரியம்மா பையன் ஆஸ்திரேலியாவில் இருக்கார். அவர் மூலமா அங்கே ஒரு பட்டறைக்காரர் இவரை எடுத்துக்க ரெடி. ஸ்பான்சர் பண்ணவும் ரெடி. அப்புறம் ஏன் தூக்கம் வரலை? ஸ்கில் அசஸ்மென்ட்.

அந்த விசா பத்திக் கொஞ்சம் சொல்லணும். முதலாளி ஸ்பான்சர் செய்யும் தற்காலிக வேலை விசாவுக்கு எண் 482. 2024 டிசம்பர் 7ல் இருந்து இதுக்குப் புதுப் பேர், 'ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்'. முன்னாடி 2 வருஷ வேலை அனுபவம் கேட்டாங்க, இப்போ 1 வருஷமாக் குறைச்சிட்டாங்க. உடனே நம்ம ஊர் சுவத்துலயும் வாட்ஸ்அப்லயும் "ஒரு வருட அனுபவம் போதும், ஆஸ்திரேலியா பறக்கலாம்" என்று விளம்பரம். பொய்யில்லை. ஆனா பாதிதான் உண்மை.

மிச்ச பாதி இதுதான். 482 விசாவுக்கு எல்லாரும் ஸ்கில் அசஸ்மென்ட் பண்ணத் தேவையில்லை. எந்தத் தொழில், எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று சேர்த்துப் பார்த்து ஒரு பட்டியல் வெச்சிருக்காங்க. வெல்டர், ஃபிட்டர், மோட்டார் மெக்கானிக், எலக்ட்ரீசியன், சமையல் மாதிரி கைத்தொழில்களில் இந்திய பாஸ்போர்ட்காரர்கள் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். அதே வெல்டிங் வேலைக்கு வேற சில நாட்டு பாஸ்போர்ட் வெச்சிருக்கவங்களுக்கு இது கிடையாது. கொதிகலன்ல ஒரு ஜாயின்ட் விட்டா உயிர் போகும், அதனால திறமையைச் சோதிக்கிறது சரிதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா ஜாயின்ட்டு எந்த நாட்டு பாஸ்போர்ட்டுன்னு பார்த்து விடுறதில்லை. சோதிக்கிறதுன்னா எல்லாரையும் சோதிக்கணும்னு நான் நினைக்கிறேன். அது அவங்க நாடு, அவங்க சட்டம், விடுங்க.

கைத்தொழில்களுக்கு இந்த மதிப்பீட்டைப் பார்த்துக்கிற அரசு அமைப்பு, டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா. அது அங்கீகரிச்ச பயிற்சி நிறுவனங்கள்தான் நேரில் மதிப்பிடும். வெட்டஸ்ஸெஸ் அதில் ஒண்ணு. ரெண்டு கட்டம். முதல் கட்டம் காகிதம். படிப்பு, வேலை அனுபவம், சம்பளம் வாங்கின ஆதாரம். இதில் தேறினால்தான் ரெண்டாவது கட்டம், கைவேலையைச் செஞ்சு காட்டுறது அல்லது தொழில் பத்தின நேர்முகக் கேள்வி. அது ஆங்கிலத்தில்தான் நடக்கும். "ஏன் இந்த ராடை எடுத்தே, ஏன் இந்த ஆம்பியர் வெச்சே" என்று கேட்டால் வாயால சொல்லத் தெரியணும்.

எங்க வெல்டருக்கு ரெண்டாவது கட்டத்தைப் பத்திப் பயமே இல்லை. இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறும், அதைக் கத்துக்கலாம். ராடைக் கையில் கொடுத்தா போதும். அவர் மாட்டிக்கிட்டது முதல் கட்டத்தில்.

விசாவுக்கு 1 வருஷம் போதும். ஆனா மதிப்பீட்டுக்கு, ஐ.டி.ஐ. மாதிரி முறையான படிப்பு இருந்தா குறைஞ்சது 3 வருஷ முழுநேர சம்பள வேலையை நிரூபிக்கணும். படிக்காம பட்டறையிலேயே கத்துக்கிட்டவங்களுக்கு அதைவிடக் கூடுதல். அதிலும் 12 மாசமாவது கடைசி 3 வருஷத்துக்குள்ள இருக்கணும். நிரூபிக்கிறதுன்னா எப்படி? கம்பெனி லெட்டர்ஹெட்டில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை, என்னென்ன கருவி என்று எழுதி, கையெழுத்து போட்டவரோட பேரு, பதவி, ஃபோன் நம்பரோட ஒரு கடிதம். அதோட அந்தக் காலத்துக்குச் சம்பளம் வாங்கின தடயம். சம்பள ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் காகிதம், பி.எஃப். கணக்கு, இப்படி ஏதாவது. "இவர் நல்ல வெல்டர், என்னிடம் வேலை பார்த்தார்" என்று ஒரு வரி எழுதிக் கொண்டு போனால் நடக்காது.

12 வருஷத்தில் இவருக்கு அப்படி நிரூபிக்க முடிஞ்சது 22 மாசம். ஐ.டி.ஐ. முடிச்ச கையோட ஒரு கம்பெனியில் இருந்தார், அங்கே பி.எஃப். பிடிச்சாங்க, சம்பளம் பேங்க்ல வந்தது. அந்த 22 மாசம் மட்டும்தான். அதுக்கப்புறம் 10 வருஷம் காண்ட்ராக்டர்கள்கிட்ட. அங்கே கூலி நாள் கணக்கு, சனிக்கிழமை சாயங்காலம் கையில் ரொக்கம். கம்பெனி சம்பளத்தைவிட அதிகம், அதனாலதான் போனார். கடைசி ரெண்டு வருஷம் ஜிபேயில் போட்டாங்க. அதுவும் காண்ட்ராக்டரோட மச்சான் நம்பர்லேர்ந்து!

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஆஸ்திரேலியாக்காரன் கேட்கிற காகிதம் எல்லாமே புதுசா எதுவும் இல்லை. 20 பேருக்கு மேல வேலை பார்க்கிற இடத்தில் பி.எஃப். பிடிக்கணும்னு நம்ம நாட்டுச் சட்டம் சொல்லுது. 10 பேர் இருந்தாலே, சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருக்கவங்களுக்கு ஈ.எஸ்.ஐ. போடணும். இவர் காண்ட்ராக்ட்ல சேர்ந்தப்போ கூலி அந்த வரம்புக்குள்ளதான். பட்டறையில் 40 பேர். அது நடந்திருந்தா இவர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பிபி பார்த்திருப்பார், வேலைக்குப் போகாத நாளுக்கும் கொஞ்சம் பணம் வந்திருக்கும். அந்தப் பதிவுகளையே எடுத்து மெல்போர்னுக்கும் அனுப்பியிருக்கலாம். என் ஓபி வரிசையில் நின்னதே அவர்கிட்ட காகிதம் இல்லைங்கிறதுக்கு அடையாளம்தான். அது எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சது.

காண்ட்ராக்டர்கிட்ட போய்க் கடிதம் கேட்டிருக்கார். நல்ல மனுஷன்தானாம். இவர் கல்யாணத்துக்கு அரைப் பவுன் மோதிரம் போட்டவர். ஆனா கடிதம்னதும், "தம்பி, பத்து வருஷம் என்கிட்ட வேலை பார்த்தேன்னு நான் எழுதிக் கொடுத்தா, நாளைக்கு பி.எஃப். ஆபீஸ்லேர்ந்து வந்து அந்தப் பத்து வருஷத்துக்கும் பணம் எங்கேன்னு கேப்பான். என் கழுத்துக்கு நானே சுருக்கு போட்டுக்கணுமா?" என்று சொல்லிட்டார். கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனா அவர் சொன்னது சரியான கணக்கு. கடிதம் கொடுத்தால் அது அவர் செஞ்ச தப்புக்கு அவரே எழுதிக் கொடுக்கிற வாக்குமூலம்.

இங்கேதான் ஏஜென்ட் உள்ளே வர்றார். 40,000 ரூபாய் கொடுத்தா, கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி பேரில் 5 வருஷ அனுபவக் கடிதம், சம்பள ரசீது, கேட்டா பேசுறதுக்கு ஒரு ஃபோன் நம்பர், எல்லாம் ரெடி. "எல்லாரும் இப்படித்தான் போறாங்க." இவர் மனைவியோட செயினை வெச்சு 20,000 முன்பணமும் கொடுத்துட்டார். பிபி ஏறாம என்ன பண்ணும்?

தயவுசெஞ்சு இதை மட்டும் கவனமா படிங்க. ஆஸ்திரேலிய குடியேற்ற விதிகளில் 4020 என்று ஒண்ணு இருக்கு. பொய் ஆவணமோ தவறான தகவலோ கொடுத்தது தெரிஞ்சா விசா மறுக்கப்படும். அதோட 3 வருஷத்துக்கு அந்த விதி பொருந்துற எந்த விசாவும் கிடைக்காது. ஆள்மாறாட்டம், அடையாளப் பொய் என்றால் 10 வருஷம். "எனக்குத் தெரியாது, ஏஜென்ட் போட்டுட்டார்" என்பது பெரும்பாலும் எடுபடாது. மதிப்பிடுறவங்க கடிதத்தில் இருக்கிற நம்பருக்கு ஃபோன் பண்ணுவாங்க, பி.எஃப். எண்ணைக் கேட்பாங்க, ஒரே கம்பெனி பேரில் ஒரே வாசகத்தில் எத்தனை கடிதம் வந்திருக்குன்னும் பார்ப்பாங்க. கைத்திறன் இருக்கிறவன் பொய்க் காகிதத்தால மாட்டுறதைப் போல ஒரு கொடுமை இல்லை. அவன் நிஜமான 12 வருஷமும் அந்தப் பொய் 5 வருஷத்தோட சேர்ந்து போயிடும்.

நான் அவருக்கு அம்லோடிபின் எழுதினேன், உப்பைக் குறைக்கச் சொன்னேன், இதையும் சொன்னேன். எனக்கே அப்போ பாதிதான் தெரியும். மிச்சத்தை அன்னிக்கு ராத்திரி அந்த நாட்டு அரசு இணையதளத்தில் உட்கார்ந்து படிச்சேன். எல்லாம் பொதுவெளியில்தான் இருக்கு, இலவசமா. நாம 40,000 கொடுத்து வாங்குறது அதுவும் இல்லாத ஒண்ணு.

அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. முன்பணத்தில் 8,000 திரும்பி வந்தது. அந்த ஆஸ்திரேலியப் பட்டறைக்காரர் ரொம்ப நாள் காத்திருக்க முடியாதுன்னு வேற ஆளை எடுத்துட்டார். இவர் இப்போ ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கார். காண்ட்ராக்ட் கூலியைவிட மாசத்துக்கு ஆறேழாயிரம் குறைச்சல். பி.எஃப். பிடிக்கிறாங்க, சம்பளம் பேங்க்ல, மாசா மாசம் ரசீது. இன்னும் 14 மாசம் வேணும். கடைசியா பார்த்தப்போ 5 மாசம் முடிஞ்சிருந்தது. ரசீதையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு, பிபி சீட்டையும் அதே ஃபைலில் வெச்சிருந்தார். பிபி 132/86.

சவுதிக்குப் போறவங்க, "எங்களுக்கும் டெஸ்ட் இருக்கே" என்பீங்க. ஆமா, சவுதியும் வெல்டர், பிளம்பர், எலக்ட்ரீசியன் மாதிரி தொழில்களுக்கு வேலை விசாவுக்கு முன்னாடி திறன் சரிபார்ப்புத் தேர்வு வெச்சிருக்கு. இந்தியாவிலேயே மையங்கள் இருக்கு, போய் எழுத்துத் தேர்வு கொஞ்சம், செய்முறை கொஞ்சம். வித்தியாசம் என்னன்னா, சவுதி உங்க கையைப் பார்க்குது. ஆஸ்திரேலியா கையையும் பார்க்குது, உங்க கடந்த காலத்தையும் கேக்குது. நம்ம ஊர் தொழிலாளிகிட்ட கை இருக்கு, கடந்த காலம் சனிக்கிழமை ரொக்கத்தோட கரைஞ்சு போயிடுது.

இன்னொரு சிக்கல் வேலையோட பேரு. அங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறியீட்டு எண். வெல்டர் ஒரு எண், ஃபிட்டர் ஒரு எண், ஃபிட்டர்-வெல்டர் தனி எண். நம்ம பட்டறையில் காலையில் கட்டிங், மத்தியானம் ஃபிட்டப், சாயங்காலம் வெல்டிங், நடுவுல லாரியும் லோடு பண்ணணும். சமையலும் அப்படித்தான். நம்ம ஊரில் எல்லாரும் 'மாஸ்டர்'. பரோட்டா மாஸ்டர், பிரியாணி மாஸ்டர், டீ மாஸ்டர். அவங்க கணக்கில் 'குக்' வேற, 'செஃப்' வேற. மெனு போடுறது, செலவு கணக்கு, மத்த ஆட்களை மேய்க்கிறது, இதெல்லாம் செஃப் பக்கம். 15 வருஷம் பரோட்டா மட்டும் வீசினவர் செஃப் என்று விண்ணப்பிச்சா, "வேற என்ன சமைப்பீங்க, சமையலறை சுகாதாரத்தை எப்படிக் கண்காணிச்சீங்க" என்று கேட்கும்போது நின்னுடுவார். நீங்க உண்மையில் என்ன செஞ்சீங்களோ, அதுக்குப் பக்கத்தில் இருக்கிற எண்ணைத் தேடுங்க. சம்பளம் அதிகமா இருக்கிற எண்ணைத் தேடாதீங்க.

எலக்ட்ரீசியன்களுக்கு இன்னொரு படி கூடுதல். அங்கே லைசென்ஸ் இல்லாம ஒயரைத் தொட முடியாது. மதிப்பீட்டில் தேறினால் ஒரு திறன் பதிவு ஆவணம் கொடுப்பாங்க. அதை வெச்சு அங்கே போய் தற்காலிக லைசென்ஸ் வாங்கி, ஒரு லைசென்ஸ்காரர் மேற்பார்வையில் வேலை பார்த்துக்கிட்டே மிச்சப் பயிற்சியை முடிக்கணும். முழு எலக்ட்ரீசியனா போய் இறங்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

எங்க ஆளுங்க கதைக்கு வர்றேன். நர்சுகளுக்கும் டாக்டர்களுக்கும் 482ல் தனியா இந்த டிரேட்ஸ் மதிப்பீடு இல்லை. அங்கத்திய மருத்துவப் பதிவுதான் எங்களுக்கு மதிப்பீடு. இந்தியாவில் படிச்ச நர்சுகளில் பெரும்பாலானவங்க அதுக்கு முதலில் என்.சி.எல்.இ.எக்ஸ். கணினித் தேர்வு எழுதணும், அப்புறம் அடிலெய்டுக்கு நேரில் போய் செய்முறைத் தேர்வு கொடுக்கணும். 2025 ஏப்ரலில் ஒரு குறுக்கு வழி திறந்தாங்க. பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, சிங்கப்பூர் மாதிரி சில நாடுகளில் பதிவு பண்ணி, குறிப்பிட்ட மணி நேரம் வேலை பார்த்தவங்களுக்கு இந்தத் தேர்வுகள் வேண்டாம். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஆனா இங்கே படிச்சிட்டு சிங்கப்பூரிலோ பிரிட்டனிலோ சில வருஷம் வேலை பார்த்த நம்ம பொண்ணுங்களுக்கு இது உதவும். சொந்தத்தில் யாராவது இருந்தா சொல்லி வைங்க.

எங்க வார்டில் இருக்கும் ஒரு சிஸ்டர், இங்கே வர்றதுக்கு முன்னாடி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 4 வருஷம் ஐசியூவில் இருந்தவர். வென்டிலேட்டர் அலாரம் அடிச்சா எனக்கு முன்னாடி அவர் காரணத்தைச் சொல்லிடுவார். வெளிநாடு முயற்சி பண்ணலாம்னு அந்தப் பழைய ஆஸ்பத்திரியில் அனுபவச் சான்று கேட்டிருக்கார். ரெண்டு வருஷ பாண்டை முடிக்காம போயிட்டீங்கன்னு தரலை. 4 வருஷம் இருந்தவர்! ரெண்டாவது பாண்டாம். சேரும்போது வாங்கி வெச்ச ஒரிஜினல் டிகிரி சர்டிஃபிகேட்டை வாங்கவே 50,000 கட்டியிருக்கார். கடைசியில் கொடுத்த கடிதத்தில் 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று மட்டும் இருக்கு. ஐசியூன்னும் இல்லை, மணி நேரமும் இல்லை. அந்த ஆஸ்பத்திரி பேரு வேண்டாம், அது ஒண்ணு மட்டும் இல்லை என்பது எல்லா நர்சுக்கும் தெரியும். ஒருத்தரோட ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை பீரோவில் பூட்டி வெச்சு வேலை வாங்குறதுக்கு என்ன பேரு வெப்பீங்களோ வெச்சுக்குங்க.

டாக்டர்கள் நிலைமையும் பெரிய வித்தியாசம் இல்லை. என் பேட்ச்மேட் ஒருத்தர், 10 வருஷ அனுபவம். ஆஸ்திரேலியாவில் எம்.பி.பி.எஸ். பொதுவழியில் போகணும்னா 150 கேள்வி, மூன்றரை மணி நேரம், அப்புறம் 16 ஸ்டேஷன் கொண்ட கிளினிக்கல் தேர்வு. அதுக்கும் முன்னாடி டிகிரி நிஜமான்னு நேரடியா நம்ம பல்கலைக்கழகத்திடமே சரிபார்ப்பு. "என்னடா, மறுபடியும் முதல்லேர்ந்தா" என்று புலம்பினார். நான் அவருக்கு நினைவுபடுத்தினேன், வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிச்சிட்டு இங்கே வர்ற பசங்களை நாமும் 2002ல் இருந்து 300 கேள்வி கொடுத்து, 150 எடுத்தாதான் உள்ளே விடுறோம். நாம சோதிக்கும்போது அது தரம், நம்மைச் சோதிக்கும்போது அவமானம். சிரிச்சுட்டு ஃபோனை வெச்சுட்டார். இப்போ படிச்சிக்கிட்டிருக்கார்.

பணம் பத்திச் சிலது. ஸ்கில் அசஸ்மென்ட் கட்டணம், விசா விண்ணப்பக் கட்டணம், இதெல்லாம் பெரும்பாலும் நம்ம தலையில்தான் வரும். ஆனா முதலாளி கட்ட வேண்டியதை நம்மிடம் வாங்கக் கூடாது. ஸ்பான்சர் செய்யும் கம்பெனி ஒவ்வொரு ஆளுக்கும் வருஷத்துக்கு 1,200 அல்லது 1,800 ஆஸ்திரேலிய டாலர் பயிற்சி நிதி கட்டணும். அது கம்பெனியோட செலவு, சம்பளத்தில் பிடிச்சா சட்டவிரோதம். அதே மாதிரி, "ஸ்பான்சர் பண்றேன், இவ்வளவு லட்சம் கொடு" என்று கேட்பது 2015 டிசம்பரில் இருந்தே அங்கே குற்றம். கேட்டவருக்கும் தண்டனை, கொடுத்தவருக்கும் விசா ஆபத்து. நம்ம ஊர் பக்கம், மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு ஏஜென்ட் தன் சேவைக் கட்டணமா 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். பதிவு இருக்கான்னு இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். ஆஸ்திரேலிய விசாவுக்கு ஆலோசனை சொல்றவர்னா அந்த நாட்டு மாரா பதிவு எண் கேளுங்க. எண் கேட்டதும் முகம் மாறினா எழுந்து வந்துடுங்க.

இன்னொரு சந்தேகம் நிறைய பேருக்கு இருக்கு. முதலாளி மூலமா நிரந்தர வசிப்புரிமைக்குப் போகிற 186 விசாவில் ரெண்டு வழி. நேரடி வழியில் போனா ஸ்கில் அசஸ்மென்ட் முடிஞ்சு கையில் இருக்கணும், 3 வருஷ அனுபவம் வேணும், பொதுவா 45 வயசுக்குள்ள இருக்கணும். 482ல் போய் ஸ்பான்சர் செஞ்ச முதலாளிகிட்ட 2 வருஷம் வேலை பார்த்துட்டு அதே தொழிலில் மாறினா, பொதுவா அசஸ்மென்ட் மறுபடி கேட்கிறதில்லை. "அங்கே போனதும் திரும்ப எல்லாம் எழுதணுமாமே" என்று பயப்படுறவங்களுக்கு இந்த வரி. அதே மாதிரி, முதலாளி கொடுமை பண்ணினா உடனே ஊருக்குத் திரும்பணும் என்பதும் இப்போ இல்லை. 2024 ஜூலையில் இருந்து, வேலையை விட்டா வேற ஸ்பான்சர் தேட ஒரு தடவைக்கு 180 நாள் வரை, விசா காலம் முழுக்கச் சேர்த்து 365 நாள் வரை அவகாசம் இருக்கு. இதைத் தெரிஞ்சுக்காம அடி வாங்கிக்கிட்டு இருக்காதீங்க.

விதிகள் அடிக்கடி மாறுது. இந்தப் பதிவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சு ரெண்டு வருஷம் கழிச்சு ஆதாரமா காட்டாதீங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த அரசுத் தளத்தில் உங்க தொழிலையும் உங்க நாட்டையும் போட்டுப் பாருங்க. இங்கிலீஷ் சரியா வராதுன்னா காலேஜ் படிக்கிற பக்கத்து வீட்டுப் பையனை உட்கார வெச்சுப் படிக்கச் சொல்லுங்க.

வெளிநாடு போற எண்ணமே இல்லாதவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. வீட்டில் யாராவது பட்டறை, ஹோட்டல், கட்டுமானம், தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தா, அவங்க ஃபோனில் உமாங் செயலியைத் திறந்து, யு.ஏ.என். எண் போட்டு பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்க. எந்த மாசம் பிடிச்சிருக்காங்க, எந்த மாசம் விட்டிருக்காங்கன்னு வரிசையா தெரியும். யு.ஏ.என். எண்ணே இல்லைன்னா அதையும் கவனிங்க. பாஸ்புக்கை டவுன்லோடு பண்ணி வைங்க. சம்பள ரசீது கொடுத்தா கிழிச்சுப் போடாதீங்க, ஃபோட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வைங்க. வேலையை விடும்போது, சண்டை வர்றதுக்கு முன்னாடியே, தேதி, பதவி, செஞ்ச வேலை எல்லாம் எழுதின கடிதம் ஒண்ணு வாங்கிடுங்க. என்கிட்ட ஹவுஸ் சர்ஜன் பசங்க, ஒப்பந்த நர்சுகள் யார் வந்து கேட்டாலும் இப்போ எந்த வார்டு, எந்தத் தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன செஞ்சாங்கன்னு அரைப் பக்கம் எழுதி, எங்க கண்காணிப்பாளரோட முத்திரையும் வாங்கிக் கொடுக்கிறேன். எழுத ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம்தான் ஆகுது.